நொச்சிக்குளத்துப் புள்ளி

தப்பா நெனைக்காதீங்க தம்பி, எட்டிப் பாத்துட்டேன். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் போனைப் பாக்கக் கூடாதுதான். ஆனா அந்த எழுத்தைப் பாத்ததும் கண்ணு தானாப் போயிட்டு. இந்த ஆப் வேலை செய்ய ரூட் வேணும்னு, அதான் போன் பூட்டை உடைக்கணும்னு கேக்குதுல்லா? நீங்க எத்தனை தடவை அமுக்குனாலும் அதையேதான் கேக்கும். இருக்கிற இடத்தை மாத்திக் காட்டுற ஆப்புதானே அது? மறைக்காதீங்க. நான் யார்கிட்டப் போயி சொல்லப்போறேன். ஊர் ஊராச் சுத்துற வேலையா? பையைப் பாத்தாலே தெரியுது. மருந்துக் கம்பெனியா? சரி சரி.

நீங்களா எதையும் நோண்டிராதீங்க. போன் செங்கல் மாதிரி ஆயிரும், திரும்ப உசுரு வராது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஆல்வின்னு ஒருத்தர் போன் கடை வச்சிருக்காரு. கை சுத்தம். என் போனுக்கு அவர்தான் ரூட் போட்டாரு. இறங்குறப்ப நம்பர் தாரேன்.

இருங்க, பையில துடிக்குது. வீட்லதான். என் பொண்டாட்டி, ஜெயக்கொடி. அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கிடலாம்.

என் பேரு இசக்கிராஜ். மாட்டுத்தீவனக் கம்பெனியில ஏரியா பாக்குதேன். திருநெல்வேலிக்குக் கிழக்க இருக்கிற பட்டிக்காடு பூரா என் ஏரியா. ஒவ்வொரு கடைக்கும் நேர்ல போகணும், போயி நின்னு கம்பெனி ஆப்பை அமுக்கணும், அங்கனதான் நிக்கேன்னு அது ஆபீசுக்குச் சொல்லும். நீங்களே சொல்லுங்க, இன்னும் பத்து மூட்டை அனுப்புன்னு சொல்லுறதுக்கு ஒருத்தன் வெயில்ல பைக்கை உருட்டிட்டு அம்புட்டு தூரம் போகணுமா? கடைக்காரர் போன்லயே சொல்லிருதாரு. ஆர்டர் குறையல. கம்பெனிக்கு நஷ்டம் கிடையாது. அவங்களுக்கு வரைபடத்துல புள்ளி வேணும், எனக்கு முதுகு வேணும்.

மொதல்ல சும்மா ஒரு ஆப் போட்டுப் பாத்தேன். கம்பெனி ஆப் கண்டுபிடிச்சிட்டு. போலி இடம்னு செவப்புல காட்டி, மேனேஜர் வரைக்கும் போயி, கால்ல விழாத குறை. அதுக்கப்புறம்தான் ஆல்வின். ரூட் போட்டா போன்ல இருக்கிற எல்லாக் கதவுக்கும் சாவி உங்க கையில வந்துரும் அண்ணாச்சின்னாரு. நீங்க மதுரையில இருக்கேன்னு சொன்னா போனே அதை நம்பிரும், அப்புறம் கம்பெனி எம்மாத்திரம்னாரு. ரூட் போட்டிருக்கிறதே வெளிய தெரியாம மூடியும் குடுத்தாரு. ஒண்ணு, பூட்டை உடைக்கும்போது போன்ல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். கல்யாணப் போட்டோ பூரா போயிட்டு. வேற பிரதி இருக்குன்னு நெனைச்சேன், இல்ல. இன்னொண்ணு, பேங்க் ஆப் ஒண்ணும் திறக்காது. உங்க போன் பாதுகாப்பா இல்லைன்னு சொல்லி மூஞ்சியில அடிச்ச மாதிரி மூடிக்கிடும். கடையில போயி நோட்டை எடுத்து நீட்டுனா ஜெயா கேப்பா, என்ன உங்க போன்ல மட்டும் வேலை செய்யலன்னு. பழைய போன்டின்னு சொல்லிருவேன்.

ஆனா அது வேலை செஞ்ச அழகு இருக்கே. காலையில வரைபடத்துல கோடு போட்டு விட்டா போதும், புள்ளி தானா நடக்கும். பைக் வேகத்துல போகும், கடை வாசல்ல நிக்கும், டீ குடிக்கிற நேரம் விட்டுட்டு மறுபடி கிளம்பும். நான் பாளையங்கோட்டையில கேரம் மன்றத்துல உக்காந்திருப்பேன். ஆமா, கேரம்தான். ஏன் சிரிக்கீங்க? மாவட்ட அளவுல ஆடினவன் நான். குடிக்கல, சீட்டு ஆடல, வேற வீடு தேடிப் போகல. பலகையில பவுடரைத் தூவி நாலு ஆட்டம், அது ஒரு குத்தமா?

இந்தா, மறுபடி அடிக்கா. விடுங்க.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமாக் கேட்டுக்கிடுங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா? ஆயிட்டா. அப்ப கண்டிப்பாக் கேக்கணும். முன்ன ஒரு தடவை நான் பைக்ல இருந்து விழுந்து, ரோட்டோரம் முள்ளுக்குள்ள கெடந்தேன். ரொம்ப நேரம் யாருக்கும் தெரியல. அதுல பயந்துபோயி ஜெயா என் போனை வாங்கி, நான் இருக்கிற இடம் அவ போன்ல எப்பவும் தெரியிற மாதிரி வச்சுக்கிட்டா. அடுப்படியில வேலை பாத்துக்கிட்டே என் புள்ளியைப் பாப்பா. நான் ரூட் போட்ட பிறகு அவளுக்கும் அந்தப் புள்ளிதானே தெரியும்? நான் அதை யோசிக்காம இல்ல. நல்லதுதான்னு விட்டுட்டேன். கடை கடையா நடக்குது, அவளுக்கும் நிம்மதி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனா, இன்னைக்கு எம்புட்டு அலைச்சல், மேற்க போயி கிழக்க போயின்னு சொல்லுவா. வெந்நி போட்டு வச்சிருப்பா. காலைப் பிடிச்சு நல்லெண்ணெய் தேச்சு விடுவா. அப்படிப்பட்ட பிள்ளை தம்பி அவ. இப்ப அவ பேசுற பேச்சைக் கேட்டா நம்ப மாட்டீங்க.

போன வருசம் மழை பேஞ்சது ஞாபகம் இருக்கா? விடாம அடிச்சு ஊத்துச்சே, அதேதான். அன்னைக்கு மன்றத்துல டோர்னமெண்ட். மழைனாலும் நிறுத்தல, மாடியில ஹால். போனை எல்லாம் சைலண்ட்ல போட்டு மேசையில இருக்கிற தட்டுல வச்சிரணும், அது அங்க சட்டம். நான் காலையில புள்ளியை நொச்சிக்குளத்துல கொண்டுபோயி வச்சேன். அங்க பள்ளிக்கூடத்தை ஒட்டி நம்ம கடை ஒண்ணு இருக்கு. மத்தியானம் நகத்திக்கிடலாம்னு நெனைச்சேன். ஆட்டம் மும்முரமாயிட்டு, மறந்துட்டேன். ஒரு மனுசனுக்கு மறதி வரக்கூடாதா?

நொச்சிக்குளத்துக்கு ஒரே வழி. நடுவுல ஓடை. பாலம் கிடையாது, தாம்போதிதான். ஓடைத் தரையிலயே ரோட்டைப் போட்டிருப்பான், தண்ணி வந்தா ரோட்டு மேலதான் போகும். ஊருக்கு மேக்க பெரிய குளம். மத்தியானமே குளத்துக்கரை கசியுதுன்னு சேதி வந்து, ஊர்ச்சனம் பூரா மேட்டுக் கோயிலுக்குப் போயிட்டாங்க. இது எனக்கு எப்படித் தெரியும்? நான் காயின் அடிச்சிட்டு இருக்கேன்.

செமி ஃபைனல் முடிச்சு வந்து போனை எடுத்தா, திரை பூரா ஜெயாவோட மிஸ்டு கால். கூப்பிட்டேன். எடுத்ததும் அழுகை. டிவியில நொச்சிக்குளத்தைக் காட்டுதான், உங்க புள்ளி காலையில இருந்து அசையல, போன் எடுக்கல, நான் என்னன்னு நெனைக்கன்னு. நல்லா இருக்கேன் ஜெயான்னேன். எங்கன இருக்கீங்கன்னா.

நீங்க என்ன சொல்லிருப்பீங்க? கேரம் மன்றத்துலன்னா? அந்த நேரத்துலயா? அவ அழுதுகிட்டு இருக்கா, பின்னாடி அக்கம்பக்கத்து ஆளுக சத்தம் கேக்குது. அப்ப போயி புள்ளி பொய், காலுக்கு நீ தேச்ச எண்ணெய் பொய்னு சொல்லணுமா? நொச்சிக்குளத்துலதான் இருக்கேன், பள்ளிக்கூட மாடியில பத்திரமா இருக்கேன்னு சொன்னேன். அவளைத் தேத்தத்தான் சொன்னேன். தண்ணி வடிஞ்சதும் வந்துட்டேன்னு வீட்டுக்குப் போயிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அப்பத்தான் சொல்லுதா, நயினார் அண்ணன் உங்களைக் கூப்பிடப் போயிருக்கான்னு.

சங்கரநயினார். ஜெயாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். உடன்குடியில இருந்து குட்டியானை வண்டியில கருப்பட்டி லோடு ஏத்திட்டு அன்னைக்கு திருநெல்வேலி வந்திருக்காரு. இவ போன் பண்ணி அழுதிருக்கா. லோடை இறக்கிட்டு நேரா வண்டியை அங்க விட்டுட்டாரு. கடக்கரை ஊர்ல வளந்தவரு, தண்ணின்னா பயமே கிடையாது. அதுதான் அவர்கிட்ட இருந்த கெட்ட குணம்.

நான் உடனே அவருக்கு அடிச்சேன். இதை நீங்க நல்லாக் குறிச்சுக்கிடணும். உடனே அடிச்சேன். மச்சான், நான் பள்ளிக்கூட மாடியில சேஃபா இருக்கேன், வராதீங்கன்னேன். அவரு தாம்போதிக்கு இந்தப் பக்கம் நிக்காரு. தண்ணி இரைச்சல் போன்ல கேக்குது. முழங்கால் அளவுதான் மாப்ளே, வந்திருதேன்னாரு. வேண்டாம் மச்சான்னேன். உனக்கு நீச்சல் தெரியாதுல்லா, குளம் உடையும்னு சொல்லுதாவ, பேசாம அங்கனயே இரி, இறங்கிராதன்னாரு. வேண்டாம் மச்சான், வேண்டாம் மச்சான்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? சத்தமா, மன்றமே திரும்பிப் பாக்கிற மாதிரி. இதுக்கு மேல ஒருத்தன் எப்படித் தடுக்க முடியும்?

ஜெயா இதைத்தான் பிடிச்சுக்கிட்டா. வேண்டாம்னு சொன்னீங்களே, அங்க இல்லைன்னு சொன்னீங்களான்னு கேக்குதா. அது ஒரே வார்த்தைதானாம். பொம்பளைகளுக்கு எல்லாம் லேசாத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. மூச்சு வாங்குது. மாப்ளே, தாண்டி வந்துட்டேன், பள்ளிக்கூடத்துக்குள்ளதான் நிக்கேன், மாடிக்கும் போயிட்டேன், ஒருத்தரும் இல்லையேன்னாரு. ஜெயா உன் புள்ளியை எனக்கு அனுப்பியிருக்கா மாப்ளே, அது மேலதான் நிக்கேன், நீ எங்கல இருக்கன்னாரு.

வாயைத் தொறந்தேன் தம்பி. சத்தியமாத் தொறந்தேன். லைன் கட்டாயிட்டு. டவர் போயிருக்கும். நான் கட் பண்ணல. நான் ஏன் கட் பண்ணப்போறேன்? விரல் பட்டிருக்கும்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டாலும், வேணும்னு பண்ணல.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாமேன்னு உங்க மொகம் கேக்குது. கூப்பிடத்தான் இருந்தேன். ஃபைனலுக்குப் பேரை வாசிச்சிட்டாங்க. போனை மறுபடி தட்டுல வைக்கச் சொல்லிட்டாங்க. போயி பலகை முன்னாடி உக்காந்தேன். செவப்புக் காயினைப் போட்டுட்டேன், அதுக்குக் கூடப் போட வேண்டிய காயின் குழி வாசல்ல இருக்கு, சின்னப் பிள்ளை கூடப் போடும், விட்டுட்டேன். அதுலதான் தோத்தேன். இல்லைன்னா கப்பு எனக்குத்தான். யாரும் அதைப் பத்தி இன்னைக்கு வரை ஒரு வார்த்தை கேக்கல.

மேட்டுக் கோயில்ல இருந்தவங்க பாத்திருக்காங்க. இருட்டுக் கட்டுற நேரம். பள்ளிக்கூடத்துல ஒரு டார்ச் வெளிச்சம் ரூம் ரூமாப் போயிட்டு இருந்துச்சாம். கீழ, மாடி, மறுபடி கீழ. யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற சத்தமும் கேட்டுச்சாம். இவங்க கத்தியிருக்காங்க, வெளிய வா, மேட்டுக்கு வான்னு. அந்த மழையில கேக்குமா? அப்பத்தான் கரை உடைஞ்சிருக்கு. சுவர் மட்டும் நின்னுச்சுன்னு சொன்னாங்க. மச்சானைத் தண்ணி வடிஞ்ச பிறகு வாழைத் தோட்டத்துல எடுத்தாங்க.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க.

சாவு வீட்டுல யாரும் என்னை எதுவும் கேக்கல. அதுதான் அதிசயம். நான் நொச்சிக்குளத்துல இருந்து தப்பி வந்தவன்னு எல்லாரும் நெனைச்சாங்க. கோயில் மேட்டுல இருந்தியான்னு யாரோ கேட்டாங்க, தலையை ஆட்டுனேன். ஜெயாவோட அம்மா, என் அத்தை, நேரா வந்து என் கன்னத்தைத் தடவுனாவ. என் மகன் உசுரைக் குடுத்து மீட்ட உசுரு, இதாவது எனக்கு மிச்சம் இருக்கேன்னு சொன்னாவ. அன்னைக்கு இருந்து எனக்குத்தான் மொத இலை. மீன் குழம்புல நடுத்துண்டு எனக்குத்தான். அது மச்சானுக்கு வைக்கிற துண்டு. எனக்கு இறங்கல தம்பி, இருந்தாலும் தின்னேன். தின்னாத்தானே அவங்களுக்கு ஆறுதல்?

இப்படியே போயிருக்கும். அந்த மன்றத்து செகரட்டரி, அவருக்கு என்ன கேடு, ரன்னர் அப்னு என் போட்டோவைக் குரூப்ல போட்டுட்டாரு. கையில ரெண்டாம் பரிசுக் கப்பு, பின்னாடி பேனர், பேனர்ல தேதி. அது எப்படியோ சுத்தி ஜெயாகிட்ட வந்துட்டு. அவ சண்டை போடல. போட்டோவை எம் மூஞ்சிக்கு நேரா நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, எங்க அண்ணன் ரூம் ரூமாத் தேடுறப்ப நீங்க இதையா பிடிச்சிட்டு நின்னீங்கன்னு கேட்டா. அன்னைக்கே அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அத்தைகிட்ட மட்டும் இன்னும் சொல்லல. உடம்புக்கு முடியாம வந்திருக்கேன்னு சொல்லி வச்சிருக்கா.

புள்ளியையும் எடுத்துட்டா. இப்ப போன் பண்ணுனா என்னை நம்ப மாட்டா. பக்கத்துல யாரு இருக்கா, அவங்ககிட்டக் குடுங்கம்பா. டீக்கடையில நின்னா டீ ஆத்துறவர்கிட்டக் குடுக்கணும். எங்க இருக்கீங்கன்னு அவர்கிட்டக் கேப்பா. கட்டுன புருசன் பேச்சு பேச்சில்ல, டீக்கடைக்காரர் பேச்சு பேச்சு. இந்த அவமானத்தை யார்கிட்டச் சொல்ல?

இன்னைக்கு மச்சானுக்கு வருசத் திதி. உடன்குடியில. ஜெயா ஒரே பிடியாச் சொல்லிட்டா. திதிக்கு வரணும், வந்து அம்மா முன்னாடி உக்காந்து, நான் அங்க இல்லவே இல்லைன்னு உங்க வாயாலயே சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன், அதோட நமக்குள்ள எல்லாம் முடிஞ்சதுன்னு. வாரேன்னு சொல்லித்தான் காலையில கிளம்புனேன். திருச்செந்தூர் பஸ் நிக்கிற பக்கம் வரைக்கும் போனேன். அப்புறம் பாத்தா மதுரை பஸ்ல உக்காந்திருக்கேன். பயமா இருக்கு தம்பி. அந்த அம்மா என்னை அடிச்சாக் கூட வாங்கிக்கிடுவேன். இலையைப் போட்டு உக்கார வச்சு, மொகத்தைப் பாத்துக்கிட்டே இருப்பாவ. அதைத்தான் என்னால தாங்க முடியாது. மதுரையில ஒரு ஆட்டம் வேற இருக்கு. இந்தா, சட்டைப் பையில ஸ்ட்ரைக்கர்.

நான் உங்களுக்கு எதுக்கு இதைச் சொல்லுதேன்னா, ரூட் போடுங்க, தாராளமாப் போடுங்க. ஆனா வீட்டுக்காரிக்கு இடம் தெரியிற மாதிரி வச்சிருந்தீங்கன்னா மொதல்ல அதை எடுத்துருங்க. எல்லாத் தொந்தரவும் அதுலதான். எனக்கு இதை அப்ப யாரும் சொல்லல.

பாருங்க, விட மாட்டேங்கா. உடன்குடிக்கு வந்து சேர வேண்டிய நேரம் ஆயிட்டுல்லா, அதான். தம்பி, ஒரு உபகாரம் பண்ணுங்க. ஒரே ஒரு வார்த்தை. திருச்செந்தூர் பஸ், ஆழ்வார்திருநகரி தாண்டிட்டோம்னு சொல்லிருங்க. உங்க குரல் நல்லாப் படிச்ச குரலா இருக்கு, நம்பிருவா. நான் அதுக்குள்ள என்ன செய்யன்னு யோசிச்சுக்கிடுதேன். ஒரு மனுசனுக்கு யோசிக்க நேரம் வேணும்ல? உங்களுக்கு ஆல்வின் நம்பர் வேணும்ல? பிடிங்க. ஆன் பண்ணிட்டேன், பேசுங்க.

என்ன தம்பி. மதுரை பஸ்சுன்னு சொல்லிட்டீங்க. சாத்தூர் வரப்போகுதுன்னு வேற சொல்லுதீங்க. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன செஞ்சீங்க?

சரி, என்ன சொன்னா? அழுதாளா? ஜெயா இல்லையா? வயசான குரலா? அத்தையா பேசினாவ?

முழுசாச் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு வேலையா இருக்கும், பரவாயில்ல, அவசரமா வந்து எங்கயும் விழுந்துராம மெதுவா வரட்டும்னாவளா? அவரு கையால சோறு வச்சாத்தான் என் மகன் காக்காயா வந்து எடுப்பான்னாவளா? அதுவரைக்கும் இலை போட மாட்டேன், சாப்பிடாம உக்காந்திருக்கேன்னாவளா?

அந்த அம்மாவுக்குச் சக்கரை தம்பி. நேரத்துக்குச் சாப்பிடலன்னா கண்ணைக் கட்டிக்கிட்டு விழுந்துருவாவ. ஜெயா என்ன செய்யுதா, ஒரு வாய் குடுக்கக் கூடாதா?

சாத்தூர் வந்துட்டு போல. இறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்கன்னு கண்டக்டர் கத்துதாரு. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்னா திருநெல்வேலி பஸ் கிடைக்கும். பொழுது சாயிறதுக்குள்ள உடன்குடிக்குப் போயிரலாம். போகலாம்தான்.

நீங்க ஏன் தம்பி எந்திரிச்சு வழி விடுதீங்க? நான் இறங்குதேன்னு சொன்னேனா?